கிற்றாருக்கு ஒரு தோல் பின்னல் வார்

கேள்வி: மகனின் கிற்றாருக்குத் தோலில் பின்னல் வார் செய்ய ஆசை. மூன்று கீற்றாக வெட்டிப் பின்னினால் நுனியை எப்படி மூடுவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நுனியை வெட்டவே வேண்டாம், தங்கச்சி. புறக்கோட்டையில் 2 மில்லிமீற்றர் தடிப்பில் மாட்டுத்தோல் கேளுங்கள். இரு முனையிலும் நாலு விரல் விட்டு, நடுவில் மட்டும் நீளமாக இரண்டு கீறல். தோலை நனைத்துவிட்டு, தலைமுடி போலப் பின்னுங்கள். மேலே பின்னப் பின்னக் கீழே எதிர்ப்பக்கமாக முறுகும். ஒரு கீற்றை மற்றதன் மேலாக மாற்றிப் போடுவது ஒரு மாறல். 3 மாறலுக்கு ஒருமுறை கீழ்முனையைக் கீற்றுகளுக்கு நடுவே நுழைத்து எடுங்கள். 6 மாறல் முடிய முறுக்கு அவிழ்ந்து தட்டையாகிவிடும். அதைப் பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்!

பின்னினால் நீளம் குறையும், கூட்டியே வெட்டுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் ஈரத்தோல் பூஞ்சணம் பிடிக்கும். ஃபேனுக்குக் கீழே காயட்டும். அப்புறம், கிற்றாரின் பொத்தானில் வாரை மாட்டும் துளையை வட்டமாகவே குத்துங்கள். வெறும் கீறல் என்றால் கிழிந்துகொண்டே போகும்.