டோக்கியோ, சப்போரோ: எதை வாங்கி வரலாம், எதை அங்கேயே சாப்பிட்டுவிடலாம்?

கேள்வி: நானும் கணவரும் 2026 டிசம்பர் கடைசியில் டோக்கியோவுக்கும் சப்போரோவுக்கும் போகிறோம். கடை வீதிகளும் இனிப்புக் கடைகளும்தான் எங்கள் பயணத் திட்டம். வெளிநாட்டுப் பயணிகளுக்கு அங்கே வரி இல்லை என்கிறார்களே, எல்லாவற்றுக்கும் அப்படியா?

பதில்: இல்லை. நீங்கள் போகும் நேரத்தில் நடைமுறையே மாறியிருக்கும். 2026 அக்டோபர் 31 வரை, பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கடையிலேயே நுகர்வு வரியைக் கழித்து விற்பார்கள். நவம்பர் 1 முதல் வரியையும் சேர்த்து முழுப் பணத்தையும் கட்ட வேண்டும். ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் சுங்கத்துறை சரிபார்த்த பிறகுதான் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும். ஒரே கடையில் ஒரே நாளில், வரி நீங்கலாக 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும் என்ற விதி தொடர்கிறது. பொருளை வாங்கிய 90 நாளுக்குள் அது நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அதிகாரிகள் பொருளைக் காட்டச் சொல்லலாம் என்பதால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகும் பொருளுக்குத்தான் இந்தச் சலுகை. அங்கேயே சாப்பிட்டு முடித்த கேக்குக்கு வரி திரும்ப வராது. வரவும் வேண்டாம். ஐயாயிரம் யென்னை எட்டுவதற்காகத் தேவையில்லாத நான்கு டப்பாக்களைக் கூடையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எட்டு, பத்து சதவீதத்தை மீட்பதற்காக நூறு சதவீதத்தைச் செலவழிக்காதீர்கள்.

இன்னொன்று: அட்டையில் பணம் கட்டும்போது யென்னிலா, உங்கள் ஊர்ப் பணத்திலா என்று இயந்திரம் கேட்டால் யென்னையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகத்தான் இருக்கும்.

கேள்வி: புத்தாண்டில் உள்ளே இருப்பதைக் காட்டாமல் விற்கும் ‘ஃபுகுபுகுரோ’ அதிர்ஷ்டப் பைகளை வாங்கலாமா?

பதில்: உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லும் பை என்றால் தாராளமாக வாங்கலாம். தேநீர், காபி, பிஸ்கட் பைகளில் நஷ்டப்பட வாய்ப்பு குறைவு. உடைகள் உள்ள பையில் அளவு பொருந்தாமல் போனால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். பொதுவாகவே ஜப்பானியக் கடைகளில் ‘மனம் மாறிவிட்டது’ என்று பொருளைத் திருப்பித் தருவது வழக்கமில்லை. கடைக்கு நேரில் போய் வாங்கியதை ரத்து செய்யச் சட்டமும் இடம் தருவதில்லை. ஜனவரி 1 அன்று பெரிய பல்பொருள் அங்காடிகள் பலவும் மூடியிருக்கும். 2 அல்லது 3ஆம் தேதிதான் முதல் விற்பனை. அன்றைய பயணத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம், பால், முட்டை சாப்பிடுவோம். இனிப்புகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். மூஸ், ஜெல்லி, மார்ஷ்மெல்லோ, சில புட்டிங், பழத்தின் மேல் பூசும் பளபளப்பு என எதிலும் அது இருக்கலாம். பொட்டலத்தில் வரும் பண்டத்தில் பின்பக்கம் சேர்மானப் பட்டியல் இருக்கும். கைபேசியால் படம்பிடித்து மொழிபெயர்த்துப் படித்துவிடலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வெட்டிய கேக்குக்கு அப்படிப் பட்டியல் ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். “ஸெராச்சின்?” என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

மரபான ஜப்பானிய இனிப்புகளில் இந்தக் கவலை மிகக் குறைவு. அவற்றை உறையவைப்பது ‘கன்டென்’. நம் கடைகளில் சைனா கிராஸ் என்று கிடைக்கும் கடற்பாசிதான் அது. யோகான், அன்மிட்சு இரண்டும் அதில் செய்தவை. குளிருக்கு என் முதல் பரிந்துரை ஓஷிருகோ. சிவப்புப் பயறை இனிப்பாகக் கொதிக்கவைத்து, மோச்சி என்ற பசையரிசிப் பண்டத்தைச் சுட்டு மிதக்கவிட்டு மூடியுள்ள கிண்ணத்தில் தருவார்கள். பக்கத்தில் சின்னத் தட்டில் ‘கொம்பு’ என்ற உப்பிட்ட கடற்பாசி ஒரு சிட்டிகை வைப்பார்கள். அதை ஒதுக்காதீர்கள்; இனிப்பு திகட்டும்போது ஒரு கடி கடித்தால் அடுத்த வாய் புதிதாக இறங்கும்.

வராபி மோச்சி வாங்கும்போது விலையைப் பாருங்கள். வராபி என்ற பெரணிச் செடியின் உண்மையான கிழங்கு மாவு அரிது. மலிவானவற்றில் பெரும்பாலும் சர்க்கரைவள்ளி மாவுதான் இருக்கும். அதுவும் நன்றாகவே இருக்கும், ஆனால் உயர்ந்த விலை சொன்னால் எந்த மாவு என்று கேளுங்கள்.

ஸ்ட்ராபெரி குளிர்காலத்தில்தான் அங்கே களைகட்டும். கிறிஸ்துமஸ் கேக்கே ஸ்ட்ராபெரியும் கிரீமும் வைத்த ஸ்பாஞ்ச்தான். முழு கேக் வேண்டுமானால் முன்பதிவு செய்வது வழக்கம். இருவருக்கு இரண்டு துண்டு போதும். சப்போரோவில் இரவு உணவுக்குப் பின் பாஃபே (உயரமான கண்ணாடிக் குவளையில் அடுக்கித் தரும் ஐஸ்கிரீம் இனிப்பு) சாப்பிட்டு நாளை முடிப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பல கடைகளில் ஆளுக்கு ஒன்று வாங்கியாக வேண்டும், ஒன்றைப் பகிர விடமாட்டார்கள். ஆகவே வயிற்றில் இடம் வைத்துக்கொண்டு போங்கள். பனியில் நடக்க வேண்டாமென்றால் சப்போரோ ரயில் நிலையத்திலிருந்து நகரின் நடுவிலுள்ள ஓடோரி வரை நிலத்தடி நடைபாதை இருக்கிறது.

கேள்வி: வீட்டுக்கு எதைக் கொண்டுவரலாம்?

பதில்: ஷிரோய் கோய்பிதோ போன்ற உலர்ந்த பிஸ்கட்டுகளைக் கவலையில்லாமல் கொண்டுவரலாம். சப்போரோ இருக்கும் ஹொக்கைடோ தீவின் ராய்ஸ் நாமா சாக்லேட்டை 10 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க வேண்டும்; கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் குளிர்ப்பையோடு வாங்குங்கள். மது கலந்த வகையும் கலக்காத வகையும் உண்டு, பார்த்து எடுங்கள். அங்காடிகளின் அடித்தள உணவுக்கூடத்தில் கேக் வாங்கினால், அறைக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று விற்பனையாளர் கேட்டு, அதற்கேற்பப் பனிக்கட்டிப் பொதி வைத்துக் கட்டுவார். அந்த கேக் அன்றிரவுக்கு உரியது. பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். புட்டிங்கும் ஜெல்லியும் கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஜப்பானிய ரைஸ் குக்கர் வாங்கலாமா?

பதில்: உள்நாட்டு மாடலை வாங்காதீர்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துபோகும். உத்தரவாதமும் பெரும்பாலும் ஜப்பானுக்குள் மட்டுமே செல்லும். வெளிநாட்டுக்கென்றே செய்த 220–230 வோல்ட் மாடல்கள் பெரிய மின்பொருள் கடைகளில் தனி அலமாரியில் இருக்கும். பெட்டியின் மேல் வோல்ட் எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.