புரோட்டியசோமும் காய்ச்சலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிஎஸ்எம்பி8 மரபணுவில் பிழை இருந்தால் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பக் காய்ச்சலும் தோல் தடிப்பும் வரும் என்று வாசித்தேன். அந்த மரபணு புரோட்டியசோமின் ஒரு பகுதியை உருவாக்குவது. புரோட்டியசோம் செல்லின் குப்பைத்தொட்டி என்றுதானே படித்தோம்? குப்பை அள்ளாவிட்டால் குப்பை சேரும், சரி. காய்ச்சல் ஏன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குப்பை சேரவும் செய்கிறது. சிதைக்க வேண்டியவை என்று யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டிய புரதங்கள் இந்த நோயாளிகளின் செல்களில் தேங்குகின்றன. ஆனால் குப்பைத்தொட்டி என்ற உவமை எனக்கு உவப்பானதல்ல. சிதைத்த துண்டுகள் எங்கே போகின்றன என்பதை அது மறைத்துவிடுகிறது.

புரோட்டியசோமின் மையம் உள்ளீடற்ற ஓர் உருளை. ஏழேழு அலகுகளாக நான்கு வளையங்கள். நடுவிலுள்ள இரு வளையங்களில் மட்டும், ஒவ்வொன்றிலும் மூன்று அலகுகள் புரதங்களை வெட்டுகின்றன. தொற்று வந்து, செல்களை எச்சரிக்கும் புரதமான இன்டர்ஃபெரான் சுரந்ததும், புதிதாகக் கட்டப்படும் புரோட்டியசோம்களில் அந்த மூன்றுக்கும் பதிலாக வேறு மூன்று அமர்கின்றன. அவற்றில் ஒன்று பிஎஸ்எம்பி8 தருவது. அது வெட்டித் தரும் துண்டுகளின் நுனி, துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் காட்டும் ஹெச்எல்ஏ மூலக்கூறின் பள்ளத்தில் நன்றாகப் பொருந்தும். எட்டு முதல் பத்து அமினோ அமில நீளமுள்ள அத்துண்டுகளைச் செல் தன் மேற்பரப்பில் ஏந்தி நிற்கிறது. நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் வந்து பார்க்கின்றன. வைரஸின் துண்டு தெரிந்தால் அந்தச் செல்லை அழிக்கின்றன. சிதைப்பதே இங்கே தகவல் சொல்வதும்தான்! அந்த மரபணு இருக்கும் இடத்தைப் பாருங்கள்: 6ஆம் குரோமோசோமில், ஹெச்எல்ஏ மரபணுக்களின் நடுவே, துண்டுகளைக் கடத்தும் டேப் புரதங்களின் மரபணுக்களுக்குப் பக்கத்திலேயே. இந்த அண்மை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

இனி காய்ச்சல். நீங்கள் வாசித்த நோயின் ஒரு வடிவத்தை ஜப்பானில் நகாஜோ என்ற மருத்துவர் 1939இல் விவரித்தார். காரணமான மரபணு 2011இல்தான் தெரிந்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால், வெட்டுவது மட்டுமல்ல, உருளையைக் கட்டுவதே தடுமாறுகிறது. புரோட்டியசோம் போதாத செல்கள், வைரஸ் எதுவும் இல்லாதபோதே முதல் வகை இன்டர்ஃபெரானைச் சுரக்கின்றன. காய்ச்சல், தடிப்பு, முகத்திலும் கைகளிலும் கொழுப்பு கரைதல் எல்லாம் இந்த அழற்சியோடு சேர்ந்தவை. இன்டர்ஃபெரானோ புதிய அலகுகளை மேலும் கேட்கிறது. கொடுக்கப் பழுதானதே இருக்கிறது.

ஆகவே மருத்துவர்கள் இன்டர்ஃபெரானின் சமிக்ஞையை மறிக்கிறார்கள். அது செல்லுக்குள் ஜேக் நொதிகள் வழியாகச் செல்வது. அவற்றைத் தடுக்கும் பாரிசிடினிப் மருந்தால் இக்குழந்தைகளில் பலருக்கு நோய் தணிந்திருக்கிறது. மரபணுப் பிழை அப்படியேதான் இருக்கும், ஆனாலும் சிலரால் ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க முடிந்திருக்கிறது.