ப்ராக்ஸ்மாக்ஸுக்குள் ட்ரூநாஸ்: நாலு டிஸ்குக்கு எந்தக் கார்ட் வாங்கலாம்?

கேட்டவரின் நிலை இது: கிளிநொச்சியில் வீடு. ஐ5-6500 போட்டு ஏசெம்பிள் பண்ணின பெட்டி, 16 ஜிபி ரேம், போர்டில் சாட்டா போர்ட் நாலு, தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே பெட்டியில் பல கணினிகளை ஓடவிடும் மென்பொருள்) ஏற்றி, அதற்குள் ட்ரூநாஸை (டிஸ்குகளைச் சேர்த்து வீட்டுச் சேமிப்பாக்கும் மென்பொருள்) வேர்ச்சுவல் மெஷினாக (விஎம்) ஓடவிட்டு, வீட்டுப் படங்களை வைக்க 4 டெராபைட் டிஸ்க் நாலை அதற்குக் கொடுக்க விருப்பம். கடையில் பற்றரியும் கெஷ் மெமரியும் உள்ள ரெய்ட் கார்ட் ஒன்றைக் காட்டி "சேர்வருக்கு இதுதான்" என்கிறார்களாம். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

ரெய்ட் கார்ட் நாலு டிஸ்கையும் தான் விழுங்கிக்கொண்டு வெளியில் ஒரே பெரிய டிஸ்காகக் காட்டும். எந்தத் துண்டு எந்த டிஸ்கில் கிடக்கிறது என்ற கணக்கை அந்தக் கார்ட் தனக்கு விளங்குகிற விதத்தில் டிஸ்கில் எழுதி வைத்திருக்கும். ஐப்பசி இடி மின்னலில் கார்ட் போனால், அதே குடும்பத்துக் கார்ட் இன்னொன்று கையில் கிடைக்கும்வரை நாலு டிஸ்கும் சும்மா இரும்பு. கொழும்பில் இருப்பவர் பின்னேரமே யூனிட்டி பிளாசா கணினிக் கடைகளில் இறங்கித் தேடலாம். மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் இருப்பவர் பார்சல் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ட்ரூநாஸ் பாவிக்கிற கோப்பு முறையான இசட்எஃப்எஸ்ஸில் அந்தக் கணக்கு முழுவதும் டிஸ்குகளிலேயே, எல்லோருக்கும் தெரிந்த வடிவத்தில் இருக்கிறது. கார்ட் எரிந்தால் டிஸ்க் நாலையும் பக்கத்து வீட்டுப் பெட்டியின் சாட்டா போர்ட்டில் கொழுவி, யூஎஸ்பியில் இருந்து ட்ரூநாஸை எழுப்பி, முதலில் வாசிக்க மட்டும் என்ற நிலையில் பூலை (டிஸ்குகள் சேர்ந்த தொகுப்பை) திறந்து, படங்களை வெளியே எடுத்துவிடலாம். ஆனால் அதே பதிப்பு அல்லது புதிய பதிப்பு ட்ரூநாஸ் வேண்டும். புதிய வசதிகளை இயக்கிய பூலைப் பழைய பதிப்பு திறக்காது. ஆகவே இன்ஸ்டோலர் யூஎஸ்பி ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக முடியாது. ரெய்ட் பழுதான பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனால், திரையில் "இனிஷியலைஸ் பண்ணவா" என்று கேட்கிறதுக்கு யோசிக்காமல் ஓம் சொல்லிவிடுகிறார்கள். டிஸ்க் தெரியவில்லையா, போர்மட் அடி, அவ்வளவுதான் வைத்தியம். 2009க்குப் பிறகு கலியாணப் படம் ஒன்றுகூட மிஞ்சாத வீடுகள் வன்னியில் எத்தனை! வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டு ஸ்கேன் பண்ணி எடுத்த நாலு படத்தைத்தான் இப்போது ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளரிடம் "இதில் என்ன இருக்கிறது, வேறு கொப்பி இருக்கிறதா" என்று கேட்காமல் அந்தப் பொத்தானை அமத்துகிற பழக்கம் இனியாவது நிற்க வேண்டும்.

சரி, கார்டுக்கு வருவோம்.

முதலில் கார்டே இல்லாமல் முடியுமா என்று பாருங்கள். போர்டின் சாட்டா கொன்ட்ரோலர் முழுவதையும் ட்ரூநாஸுக்குக் கொடுத்துவிடலாம், செலவு பூச்சியம். இதற்கு இரண்டு நிபந்தனை. பயோஸில் விடி-டி (கருவியை நேரே விஎம்முக்குக் கொடுக்க உதவும் இன்டெல் வசதி) போட்டபிறகு, ஐஓஎம்எம்யூ குழுப் பட்டியலில் (எந்தக் கருவிகளைப் பிரிக்காமல் ஒன்றாகத்தான் கொடுக்கலாம் என்று காட்டுவது) சாட்டா கொன்ட்ரோலர் தனியாக நிற்க வேண்டும். யூஎஸ்பியோ நெட்வேர்க்கோ அதே குழுவில் இருந்தால் அவையும் சேர்ந்து போய்விடும். அடுத்தது, ப்ராக்ஸ்மாக்ஸ் எழும்புகிற டிஸ்க் அந்தக் கொன்ட்ரோலரில் இருக்கக் கூடாது. இதில்தான் கனபேர் விழுகிறார்கள்: சாட்டா எஸ்எஸ்டியில் ப்ராக்ஸ்மாக்ஸை ஏற்றிவிட்டு, கொன்ட்ரோலரை விஎம்முக்குக் கொடுத்து ஸ்டார்ட் பண்ண, ஹோஸ்ட் (ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடுகிற பெட்டி) தன் டிஸ்கையே இழந்து அப்படியே உறைந்துவிடும். போர்டில் என்விஎம்ஈ (சாட்டா வழியாகப் போகாத எஸ்எஸ்டி) போட இடம் இருந்தால் இந்த வழி நல்லது. இல்லாவிட்டால் கார்ட்தான்.

டிஸ்கை ஒவ்வொன்றாக விஎம்முக்குக் கொடுக்கலாமே, கார்ட் எதற்கு என்று எழுதப்போகிறவர்களுக்கு: கொடுக்கலாம், ஓடும், வருடக்கணக்காக ஓடவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அப்போது ட்ரூநாஸ் பார்ப்பது நிஜ டிஸ்கை இல்லை, கியூஈஎம்யூ என்ற விஎம் மென்பொருள் காட்டுகிற டிஸ்கை. டிஸ்க் தன் நிலையைச் சொல்கிற ஸ்மார்ட் விவரம் உள்ளே வராது. பழுதான செக்டர் பெருகுவதும் வெப்பம் ஏறுவதும் தெரியாது. டிஸ்க் சாகப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லவேண்டிய ஆளின் கண்ணைக் கட்டிவிட்டு சேர்வர் நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ட்ரூநாஸை நேரே பெட்டியில் ஏற்று, விஎம் எதற்கு என்பவர்களுக்கும் பதில் அதிகம் இல்லை: ஒரே பெட்டியில் வேறு வேலையும் நடக்கவேண்டும், இரண்டு பெட்டிக்குக் கரண்ட் பில் கட்ட எல்லோராலும் முடியாது.

வாங்கவேண்டியது எச்பிஏ என்கிற வகை. டிஸ்கை அப்படியே காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிற கார்ட். என் தெரிவு எல்எஸ்ஐ 9207-8ஐ. எஸ்ஏஎஸ்2308 சிப், பிசிஐஈ 3.0, எட்டு டிஸ்குக்கு இடம், தொழிற்சாலையிலேயே ஐடி மோட் (ரெய்ட் செய்யாமல் டிஸ்கை அப்படியே காட்டுகிற) ஃபேர்ம்வெயரோடு வருவது. 9211-8ஐ இதற்கு மூத்தது, எஸ்ஏஎஸ்2008 சிப், பிசிஐஈ 2.0, ஹார்ட் டிஸ்குக்கு அதுவும் தாராளம். எட்டு டிஸ்க் ஒரேயடியாக 250 எம்பி வேகத்தில் வாசித்தாலும் 2 ஜிபிதான், அந்தக் கார்ட் எட்டு லேனில் 4 ஜிபி தாங்கும். வீட்டு கிகாபிட் நெட்வேர்க்கில் 110 எம்பிக்கு மேல் போகப்போவதும் இல்லை. ஆகவே வேகத்தைக் காட்டி விலையுயர்ந்த கார்டை யாரும் உங்கள் தலையில் கட்ட இடம் கொடுக்காதீர்கள். 9300-8ஐ கிடைத்தால் வாங்கலாம், ஆனால் கூடச் சூடாகும், கேபிளும் வேறு. 9300-16ஐ வேண்டாம், அதில் சிப் இரண்டு, தனிப் பவர் வயரும் கேட்கும், இங்கத்தை வெயிலுக்கு அது அடுப்பு.

டெல் எச்310, ஐபிஎம் எம்1015 என்று மலிவாகக் கிடைப்பவையும் உள்ளே எஸ்ஏஎஸ்2008தான். ஐடி மோடுக்கு மாற்றலாம். ஆனால் பழைய ஃபேர்ம்வெயரை அழித்ததற்கும் புதியது ஏறியதற்கும் இடையில் கரண்ட் போனால் கார்டைத் திரும்ப எழுப்புவது பெரும்பாடு. யுபிஎஸ் இல்லாமல் தொடவேண்டாம். கார்டின் ஸ்டிக்கரில் உள்ள எஸ்ஏஎஸ் முகவரியை முதலே படம் எடுத்து வையுங்கள், கடைசியில் அதைத் திரும்பக் கொடுக்கவேண்டும். சில சாதாரண போர்டுகளில் இந்தக் கார்டைக் குத்தினால் பெட்டியே எழும்பாது. கார்டின் பி5, பி6 என்ற இரண்டு பின்களையும் கப்டன் டேப்பால் (சூடு தாங்கும் மின்காப்பு டேப்) மூடினால் சரிவரும்.

எந்தக் கார்ட் ஆனாலும் ஃபேர்ம்வெயர் எண்ணைக் கேளுங்கள். 9211, 9207 இரண்டுக்கும் 20.00.07.00. பி20 என்று மட்டும் சொன்னால் போதாது, 20.00.00.00 என்ற முதல் வெளியீடு டேட்டாவில் பிழை விட்டது. 9300க்கு 16.00.12.00.

வெளிநாட்டில் இருந்து யாராவது வருகிறார்கள் என்றால் சேர்வரில் கழற்றின கார்டை அவர்கள் மூலம் எடுப்பது நல்லது. சொல்லி அனுப்பவேண்டியவை: உயரமான பிராக்கெட் சேர்த்து வாங்க, ஏனென்றால் சேர்வரில் கழற்றினதில் அநேகமாகக் கட்டைப் பிராக்கெட்தான் இருக்கும், டவரில் திருகமுடியாது. கேபிள் எஸ்எஃப்எஃப்-8087இல் இருந்து நாலு சாட்டாவுக்குப் பிரிவது, "ஃபோர்வேர்ட்" வகை. "ரிவேர்ஸ்" வகை கண்ணுக்கு அச்சொட்டாக அதே மாதிரி, டிஸ்க் ஒன்றும் தெரியாது. 9300 என்றால் எஸ்எஃப்எஃப்-8643 தலை.

கார்ட் ஒன்றும் அகப்படவில்லை, டிஸ்க் நாலுக்கு மேல் போகப்போவதும் இல்லை என்றால் ஏஎஸ்எம்1166 சிப் உள்ள ஆறு போர்ட் சாட்டா கார்ட் இரண்டாம் தெரிவு. சூடு குறைவு, கரண்டும் குறைவு, சோலரில் ஓடுகிற வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை. பிசிஐஈ லேன் ஒன்று மட்டும் உள்ள கார்டில் பத்து, இருபது போர்ட் என்று விற்பவை போர்ட் மல்டிப்ளையர் (ஒரு போர்ட்டைப் பலதாகப் பிரிப்பது) வைத்தவை. ஒரு டிஸ்க் தடுமாறினால் கூட இருக்கிற மற்றவையும் விழும்.

இப்போது வெப்பம். இந்த எல்எஸ்ஐ கார்டுகள் சேர்வர் ஃபான்களின் காற்றில் நிற்கச் செய்தவை. நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் காற்று போகவேண்டும் என்பது கணக்கு. தகரக் கூரை வீட்டில், பங்குனி சித்திரையில், டவருக்குள் அப்படி ஒரு காற்று கிடையாது. செக்கண்ட் ஹேண்ட் கார்ட் வந்தவுடன் ஹீட்சிங்கைக் கழற்றுங்கள். பின்பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட பிளாஸ்டிக் முளை இரண்டு துருத்திக்கொண்டிருக்கும். குறட்டு நுனியால் மெல்லமாகப் பிடித்து அழுத்தினால் மறுபக்கம் விடுபடும். உடனே இழுக்கவேண்டாம், பேஸ்ட் இறுகியிருக்கும். பக்கவாட்டில் மெதுவாகத் திருகி அசைத்து எடுக்கவேண்டும். உள்ளே பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரிக் காய்ந்து உதிரும். ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்துப் புதுப் பேஸ்ட் ஒரு பருக்கை அளவு போதும். பிறகு 40 மிமீ ஃபான் ஒன்றை ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையில் எம்3 திருகாணி இறுக்கிப் பொருத்துங்கள். செம்மண் தூசி மூன்று நாலு மாதத்தில் தகடுகளை அடைத்துவிடும், துப்பரவாக்க வேண்டும்.

சூட்டால் கார்ட் தடுமாறுகிறதா, டிஸ்க் பழுதா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி: ஒரு டிஸ்க் மட்டும் காணாமல் போனால் அந்த டிஸ்க் அல்லது அதன் வயர். ஸ்மார்ட்டில் 199ஆம் எண், சிஆர்சி பிழை, ஏறிக்கொண்டே போனால் வயரை மாற்றுங்கள். நாலும் ஒரே நேரத்தில் மறைந்தால் டிஸ்கைக் குறை சொல்லவேண்டாம். கார்ட், அதன் வெப்பம், கேபிளின் தலை அல்லது பவர் சப்ளை.

கிராபிக்ஸ் கார்ட் இல்லாதபடியால் நீளமான ஸ்லொட் காலியாக இருக்கும். அது நேரே புரொசசருக்குப் போவது, ஐஓஎம்எம்யூ குழுவும் சுத்தமாக வரும். கார்டை அங்கே குத்துங்கள். குழுவில் கூட ஒரு பிரிட்ஜ் மட்டும் நின்றால் பரவாயில்லை. வேறு பெட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2500கே, 3570கே, ஐ3-3220 போன்ற பழைய புரொசசர்களில் விடி-டி இல்லை, என்ன செய்தாலும் இது நடக்காது. குழு பிரியவில்லை என்று ஏசிஎஸ் ஓவர்ரைட் என்ற கேர்னல் தெரிவைப் போடச் சொல்வார்கள். அது பிரிந்த மாதிரிக் காட்டும், உண்மையில் பிரிக்காது.

மிக முக்கியமானது: ஹோஸ்ட் இந்தக் கார்டைத் தொடவே கூடாது. ப்ராக்ஸ்மாக்ஸுக்கும் இசட்எஃப்எஸ் தெரியும். பூட் ஆகும்போது கார்டின் டிஸ்குகளைக் கண்டு பூலைத் தானே திறந்துவிட்டால், பிறகு விஎம்மும் திறந்தால், பூல் சிதைந்துவிடும். கார்டின் அடையாள எண்ணை, விஎம்முக்காகக் கார்டைப் பிடித்து வைக்கிற விஎஃப்ஐஓ டிரைவரின் அமைப்பில் எழுதி, கார்டின் வழக்கமான எம்பிடி3எஸ்ஏஎஸ் டிரைவருக்கு முன்னரே விஎஃப்ஐஓ பிடிக்கும்படி வையுங்கள். எண்கள்: எஸ்ஏஎஸ்2008க்கு 1000:0072, எஸ்ஏஎஸ்2308க்கு 1000:0087, எஸ்ஏஎஸ்3008க்கு 1000:0097. பூட்டின் தொடக்கத்தில் ஏறுகிற இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து ரீபூட் பண்ணியதும் ஹோஸ்டின் டிஸ்க் பட்டியலில் அந்த நாலும் தெரியக்கூடாது. தெரிந்தால் விஎம்மை ஸ்டார்ட் பண்ணவேண்டாம். விஎம் அமைப்பில் ரோம்பாரை (கார்டின் சொந்த பூட் நிரலை விஎம்முக்குக் காட்டும் தெரிவை) எடுத்துவிட்டால் பூட் கெதியாகும். ரேம் 8 ஜிபி நிரந்தரமாக ஒதுக்கி பலூனிங்கை (ரேமைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைப்பதை) நிறுத்துங்கள். பாஸ்த்ரூ (கார்டை நேரே விஎம்முக்குக் கொடுப்பது) இருக்கும்போது அந்த ரேம் முழுவதும் பூட்டப்பட்டுவிடும். மிச்சம் 8 ஜிபியில் மற்ற வேலை.

டிஸ்க் பற்றி இரண்டு சொல். எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதுகிற) வகை எடுக்காதீர்கள், ஒன்று பழுதாகி மாற்றும்போது மீளக் கட்ட நாட்கணக்காகும், சிலவேளை முடியாமலும் போகும். 2 முதல் 6 டெராபைட் டபிள்யூடி ரெட்டில் ஈஎஃப்ஏஎக்ஸ் என்று மொடல் எண் முடிந்தால் அது எஸ்எம்ஆர். வெளிநாட்டில் இருந்து வந்த எக்ஸ்டேர்னல் டிஸ்கைக் கழற்றி எடுத்தது சுழலவே இல்லை என்றால், சாட்டா பவரின் மூன்றாவது பின்னைக் கப்டன் டேப்பால் மூடிப் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 அம்பியர் இழுக்கும், நாலுக்கு 8. பெயர் தெரியாத பவர் சப்ளையை நம்பவேண்டாம். மொலெக்ஸில் இருந்து சாட்டாவுக்குப் பிரிக்கிற வயர், பிளாஸ்டிக்கில் வார்த்தெடுத்த தலை உள்ளதென்றால் அது தீப்பிடிக்கிற சாமான். வயர் தனித்தனியாக அமத்திப் பொருத்தின வகையைக் கேட்டு வாங்குங்கள்.

யுபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயர் ஹோஸ்டுக்குப் போகவேண்டும், விஎம்முக்கு இல்லை. கரண்ட் போய் ஐந்து நிமிடத்தில் ட்ரூநாஸ் முதலில் அணைந்து, அதற்குப் பிறகு ஹோஸ்ட் அணையும்படி நட் என்கிற யுபிஎஸ் மென்பொருளில் ஒழுங்கு செய்யுங்கள். மின்னல் காலத்தில் பவர் பிளக்கோடு ரௌட்டருக்குப் போகிற நெட்வேர்க் வயரையும் கழற்றுங்கள், அடி அந்த வழியாலும் வரும்.

படங்களைப் போடமுதல் நாலு டிஸ்கிலும் ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓடவிடுங்கள். 4 டெராபைட்டுக்கு ஏழெட்டு மணித்தியாலம் எடுக்கும், கரண்ட் நிற்காத இரவாகப் பாருங்கள். ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்தையும் மார்க்கரால் அதன் முன்முகத்தில் எழுதுங்கள். பிறகு பூல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டேட்டா வயரைக் கழற்றிப் பாருங்கள்: ட்ரூநாஸ் காணவில்லை என்று சொல்கிற சீரியலும் நீங்கள் கழற்றின டிஸ்கில் எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். அது சரிவந்து, திரும்பக் கொழுவியதும் பூல் தானாகத் தேறினால், படங்களைக் கொப்பி பண்ணத் தொடங்கலாம்.