கீழ்த்தள அறையில் மழை வந்தால் சுவர் ஊறுகிறது. எந்த வாட்டர்புரூஃப் பெயின்ட் நல்லது?

இப்போதைக்கு எந்தப் பெயின்டும் வாங்காதீர்கள். இதே கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்டு 38,000 ரூபாயைச் சுவரில் பூசி இழந்தவள் நான்.

உங்களுக்கும் முதல் ஓரிரு வருஷம் ஒன்றும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். எங்களுக்கு அப்படித்தான். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் மனை தெருவை விடப் பள்ளம். லோடு லோடாக மண் அடித்து மேடாக்குவதை விட, கீழே ஓர் அறை எடுத்தால் என் கைலிக் கட்டுகளை வைத்துக்கொள்ளலாம் என்று கட்டினோம். குடியாத்தத்தில் கைலி வாங்கி வீட்டிலிருந்தே விற்கிறேன். 2016-ல் வீடு முடிந்தது. அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழையே பொய்த்துப்போனதால் அறை எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது.

2019-ல் தெருப் பக்கச் சுவரில் உப்பு பூத்தது. பெயின்ட் அடித்தோம். 2020 நவம்பரில் நிவர் புயல் மழை. நாலாம் நாள் பார்த்தால் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கிறது; குத்தினால் தண்ணீர். இரண்டு கட்டுக் கைலியில் பூஞ்சை. கழுவியும் வாடை போகவில்லை. அதற்குள் சொந்தக்காரர்கள் வாஸ்து பார்க்காமல் பள்ளம் எடுத்ததால்தான் என்று ஆரம்பித்துவிட்டார்கள். யோசனை என்னுடையது என்பதால் பழியும் எனக்கு.

கடைசியில் வேறொரு வயதான மேஸ்திரி வந்தார். உள்ளே நுழையவே இல்லை, வெளியே சுற்றிப் பார்த்தார். "இந்தக் குழி யாரும்மா போட்டது?" என்றார். மழைநீர் சேகரிப்புக் குழி. 2003-லிருந்து கட்டாயம் என்பதால், மொட்டைமாடி பைப் இறங்குகிற இடத்திலேயே அவசரமாகத் தோண்டியிருந்தார்கள். சுவரிலிருந்து மூன்றடி. ஆயிரம் சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர். ஒரு டிராக்டர் டேங்கர் தண்ணீரை நாங்களே சுவரோரமாக மண்ணில் இறக்கிக்கொண்டிருந்தோம்! கான்கிரீட்டும் செங்கல்லும் தண்ணீரை உறிஞ்சும். வெளியே மண் ஊறினால் அந்த அழுத்தம் உள்ளே தள்ளும். உள்பக்கம் பூசிய பெயின்டை அது பின்னாலிருந்து பெயர்த்துவிடும்.

மழைநீர் சேகரிப்பே தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலாறு வெறும் மணலாகக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். குழி வேண்டும், தள்ளி வேண்டும். நாங்கள் பைப் போட்டு மனையின் தாழ்ந்த மூலைக்கு, பதினெட்டு அடி தள்ளி மாற்றினோம். அப்புறம் சுவரோரம் அமுங்கிப்போயிருந்த மண்ணை நிரப்பி, பத்தடிக்கு அரையடி வாட்டம் வெளிப்பக்கமாகக் கொடுத்தோம். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதே, அந்த மழையிலும் சுவர் ஊறவில்லை. தரையும் சுவரும் சேருகிற மூலையில் மட்டும் கொஞ்சம் கசிந்தது. அங்கே சின்னத் தொட்டி எடுத்து மோட்டார் வைத்திருக்கிறோம். நிலத்தடி நீரே மேலே வந்தால் அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உங்களுடையது கசிவுதானா என்பதையும் பாருங்கள். சமையலறை அலுமினிய ஃபாயிலை இரண்டடி சதுரத்துக்குச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். ஃபாயிலுக்குப் பின்னால் ஈரம் என்றால் சுவர் வழியாக வருகிறது. முன்பக்கம் வேர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். மழை நாளில் ஜன்னலைத் திறந்து வைத்தால் இன்னும் கூடும். தண்ணீர் பைப், சம்ப் எதுவும் ஒழுகவில்லையா என்றும் பார்த்துவிடுங்கள். சிவில் படித்தவர்கள் வெளிப்பக்கம் தோண்டி தார்ப்பூச்சு கொடுப்பதுதான் முறை என்பார்கள். சரிதான், கட்டும்போதே செய்திருக்க வேண்டும். குடியேறிய பிறகு சுவரைச் சுற்றி எட்டடி தோண்ட எல்லோராலும் முடியாது.

ஆனால் ஒன்று என் கையில் இல்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு முறை ரோடு போட்டார்கள், இரண்டு முறையும் பழைய தார் மேலேயே. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போடவேண்டும் என்று உத்தரவே போட்டார். ரோடு போட வந்தவர்களிடம் அதைச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்கு இப்போது ஒரு படிதான். கேட்டுக்கு அடியில் சிமென்ட் வரப்பு கட்டித் தெருத் தண்ணீரைத் தடுக்கிறோம். வயசான மாமியார் தினம் அதைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

கைலிக் கட்டுகள் மறுபடியும் கீழேதான் இருக்கின்றன, அரையடி உயரப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு கை இடம் விட்டு.