காந்த ஆராய்ச்சியை நம்பிப் போகலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டேன். காந்தப் பொருள்கள் பற்றிய கோட்பாட்டு ஆராய்ச்சியில் சேர ஆசை. வீட்டில் பி.எட். படிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டிலும் ஒரு மாமா இருப்பார். என் மாமா கேட்டது: "காந்தத்துல ஆராய என்னடே இருக்கு? இரும்புல ஒட்டும், அவ்வளவுதானே?" கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு அரை ஏக்கர் ரப்பர், பால்வெட்டும் அவரேதான். 2012-ல் நான் சேர்ந்தபோது நெட் உதவித்தொகை மாதம் 16,000 ரூபாய்.

எனக்குக் கிடைத்த தலைப்பு ஸ்பின் சங்கிலி. காந்தப் பொருளில் அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி, அதுதான் ஸ்பின். அவற்றை வரிசையாக நிறுத்தினால் சங்கிலி. ஒவ்வொரு ஸ்பின்னும் பக்கத்து ஸ்பின்னுக்கு எதிராக நிற்கப் பார்க்கும், ஒன்றுவிட்ட ஸ்பின்னுக்கும் எதிராக நிற்கப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து நடக்காது. இதற்கு ஃப்ரஸ்ட்ரேஷன் என்றே பெயர். 20 ஸ்பின் எடுத்தால் கணக்கில் வரும் நிலைகள் 10,48,576. இன்னொன்று சேர்த்தால் இரட்டிப்பு.

மூன்று மாதம் கணினியில் நிரலை ஓட்டி, அழகழகாகப் படம் வரைந்து கொண்டுபோனேன். கைடு கேட்டது ஒன்றுதான்: "மஜும்தார்-கோஷ் புள்ளியில சரிபார்த்தியா?" ஒன்றுவிட்ட இணைப்பு, பக்கத்து இணைப்பில் சரிபாதியாக இருக்கும் இடம் அது. ஸ்பின்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்துகொள்ளும். பக்கத்து இணைப்பின் வலிமையை ஒன்று என்று வைத்தால், ஆற்றல் ஒரு ஸ்பின்னுக்கு மைனஸ் 0.375. சஞ்சல் குமார் மஜும்தாரும் தீபன் கோஷும் 1969-லேயே காட்டிவிட்டார்கள். என் நிரலில் வேறு எண். இணைப்பின் வலிமையை ஜே என்று எழுதுவார்கள். சில கட்டுரைகளில் ஜே நேர்க்குறி என்றால் ஸ்பின்கள் எதிரெதிர். சிலவற்றில் அதே நேர்க்குறிக்கு ஒரே திசை. ஆற்றல் சூத்திரத்தின் முதல் உறுப்பை ஒரு கட்டுரையிலிருந்தும் இரண்டாவதை இன்னொன்றிலிருந்தும் எடுத்திருந்தேன். ஒரு கழித்தல் குறியில் மூன்று மாதம் போச்சு.

"இது எம்.எஸ்சி. பையனுக்கே தெரியுமே" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: எனக்கும் தெரியும். தெரிந்தேதான் கோட்டைவிட்டேன்.

பயன் என்ன என்று கேட்பார்கள். மணவாளக்குறிச்சிக் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதற்குள் நியோடிமியம் என்ற உலோகம். நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தம் மின்சாரக் கார் மோட்டாருக்குப் போகிறது. என் சங்கிலிக்கும் அதற்கும் நேரடி உறவு கிடையாது. உண்டு என்று ஒரு மானிய விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன், அது வேறு விஷயம்.

இப்போது கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். தினமும் களியக்காவிளையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஓட வேண்டும். மாநிலம் பிரித்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் எங்களுக்கு நேர் பஸ் இல்லை. அங்கே நான் 'பாண்டி', அதாவது தமிழன்; சென்னைக்குப் போனால் மலையாளி.

சரி, உங்கள் கேள்வி. ஆசை இருந்தால் சேருங்கள். சேரும் முன் அந்தக் கைடின் பழைய மாணவர்கள் இரண்டு பேரைப் பிடித்து, உதவித்தொகை எத்தனை மாதம் தள்ளி வந்தது என்று கேளுங்கள். எனக்கு ஒருமுறை ஏழு மாதம் வரவில்லை. ரப்பர் ஷீட் விற்று அப்பாதான் பணம் அனுப்பினார். மாமாவுக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்தால் பி.எட். கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.