ஜாக்-அப் கால் முதல் பிஓபி வரை: கடல் எண்ணெய் இன்ஜினியரிங் கேள்வி பதில்

மதுரை, சுற்று வட்டாரத்துப் பட்டறைக்காரர்கள், மாணவர்கள், எலெக்ட்ரீஷியன்கள் கேட்ட கேள்விகள் இவை. கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் தொழில்நுட்பத்தை யார் கண்டுபிடித்தார்கள், அது எப்படி வேலை செய்கிறது, எங்கே சொதப்புகிறது என்பதுதான் எல்லாருடைய கேள்வியும்.

செல்லூரிலிருந்து: அண்ணே, ஒரு ரூபா நோட்டுக்குப் பின்னாடி கடலுக்குள்ள ஒரு மேடை போட்டிருக்கே, அது நெசமாவே இருக்குதா?

இருக்கு தம்பி. அதன் பேர் சாகர் சாம்ராட். ஜப்பானில் ஹிரோஷிமாவில் மிட்சுபிஷி கட்டி, 1973-ல் அரசு எண்ணெய்க் கம்பெனி ஓஎன்ஜிசிக்கு வந்த ஜாக்-அப் ரிக், அதாவது கடலடியில் கால் ஊன்றி நின்று துளை போடும் மேடை. மும்பைக்கு மேற்கே சுமார் 160 கி.மீ. தள்ளி, பாம்பே ஹை என்ற கடற்பகுதியில் 1974 பிப்ரவரியில் எண்ணெய் கண்டது இது போட்ட கிணற்றில்தான். 1976 மே மாதம் உற்பத்தி ஆரம்பித்தது. துளை போடும் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து, உற்பத்தி மேடையாக மாற்றி 2022-ல் மறுபடி கடலில் நிறுத்தியிருக்கிறார்கள். அரை நூற்றாண்டு உப்புத் தண்ணீரில் கிடந்த இரும்பை இன்னும் வேலை வாங்குவது சாதாரண விஷயமில்லை.

மேலூர், டிப்ளமோ மெக்கானிக்கல் மாணவர்: சார், ஜாக்-அப் ரிக் தன் காலைத் தானே இறக்கி நிற்குமாமே? சேற்றில் புதையாதா?

புதையும். எவ்வளவு புதையும் என்று முன்கூட்டித் தெரிந்துகொண்டு நிறுத்துவதுதான் வேலையே.

மண் அள்ளும் ராட்சத இயந்திரங்கள் செய்துவந்த ஆர்.ஜி. லெட்டோர்னோ, 1956-ல் ஸ்கார்பியன் என்ற ரிக்கைக் கட்டி ஜபாட்டா கம்பெனிக்குக் கொடுத்தார். மூன்று கால்கள். ஒவ்வொன்றும் குழாயாக இல்லாமல் கம்பிக்கூடு போன்ற டிரஸ் அமைப்பு. அலை அதற்குள் புகுந்து வெளியேறிவிடும், தள்ளும் விசை குறையும். காலின் ஓரத்தில் ரேக் என்ற பல் சட்டம், மேடையில் பினியன் என்ற பல் சக்கரம், சுழற்ற மின்மோட்டார். இன்று கட்டும் ஜாக்-அப்களிலும் அடிப்படை இதேதான்.

நிறுத்தும் முறை இப்படி. முதலில் அந்த இடத்தில் மண் துளை போட்டு மாதிரி எடுக்க வேண்டும். கால்களை மேலே தூக்கி வைத்து ரிக்கை இழுத்து வருவார்கள். கால் இறங்கி, அடியிலுள்ள ஸ்பட்கேன் என்ற அகலப் பாதம் தரையைத் தொட்டதும், மேடையைத் தண்ணீருக்கு மேலே ஒன்றரை மீட்டருக்குள் மட்டும் தூக்க வேண்டும். அடுத்து பிரீலோட் தொட்டிகளில் கடல் நீரை நிரப்பி, புயலில் வரக்கூடிய பாரத்தை இப்போதே கால்மேல் ஏற்ற வேண்டும். இறங்குவது நின்ற பிறகும் சில மணி நேரம் அப்படியே வைத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் தண்ணீரை வெளியேற்றி மேடையை முழு உயரத்துக்கு ஏற்றலாம்.

கெடுவது எங்கே? மேலே கெட்டி மணல், கீழே இளகிய களிமண் என்றால், பாரம் ஏறும்போது மேல் அடுக்கு உடைந்து ஒரு கால் மட்டும் சில மீட்டர் சடாரென்று இறங்கும். இதைப் பஞ்ச்-த்ரூ என்பார்கள். ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது இதற்காகத்தான்: கால் இறங்கினாலும் மேடையின் அடிப்பகுதி தண்ணீரில் உட்கார்ந்து, கால் முறியாமல் தப்பும். பழைய ரிக் நின்ற குழி பக்கத்தில் இருந்தாலும் பாதம் அதற்குள் சரியும். அதனால் முந்தைய ரிக்குகள் நின்ற இடங்களின் வரைபடம் கையில் இல்லாமல் காலை இறக்கவே கூடாது.

தெப்பக்குளம் பக்கத்திலிருந்து: காலே எட்டாத ஆழத்தில் ரிக் மிதக்குது என்கிறார்கள். நம்ம தெப்பம் மாதிரியா? அலையில் ஆடினால் எப்படித் துளை போடுவது?

தெப்பம் மாதிரி இருந்தால் துளை போட முடியாது, ஐயா. தெப்பம் தட்டையாக, தண்ணீரின் மேல்பரப்பில் அகலமாக உட்காருகிறது. குளத்துக்கு அது போதும். கடலில் அந்த அகலத்தைத்தான் அலை பிடித்துத் தூக்கும்.

ஷெல் கம்பெனி இன்ஜினியர் புரூஸ் காலிப் கவனித்தது இது: கடல் தரையில் உட்கார வைக்கும் வகை ரிக்கைப் பாதி மூழ்கடித்து வைத்தால், அது அலையில் அவ்வளவாக அசைவதில்லை. அப்படியானால் எதற்குத் தரை வரை இறக்க வேண்டும்? 1961-ல் புளூ வாட்டர் 1 என்ற ரிக்கை அப்படி மாற்றினார்கள். முதல் செமி-சப்மெர்சிபிள், அதாவது பாதி மூழ்கி மிதக்கும் ரிக், அதுதான்.

கணக்கைப் பாருங்கள். ரிக்கின் எடை 30,000 டன், அதோடு சேர்ந்து ஆடும் தண்ணீர் 20,000 டன் என்று வைப்போம். மிதப்புப் பகுதி ஆழத்தில் இருக்கிறது. மேல்பரப்பை வெட்டுவது தூண்கள் மட்டும், 500 சதுர மீட்டர். மேலும் கீழும் ஆடும் இயல்பான காலம் ஏறத்தாழ 20 வினாடி வரும். அதே நிறையைப் பார்ஜ் போலத் தட்டையாக்கி 5,000 சதுர மீட்டர் ஆக்கினால் 6 வினாடி சொச்சம்தான். கடல் அலைகள் பெரும்பாலும் 5 முதல் 15 வினாடிக்குள் வருகின்றன. பார்ஜ் நேராக அதில் மாட்டும், செமி தப்பித்துவிடும். மிச்சமிருக்கும் ஆட்டத்தை, ரிக்கைக் கடலடிக் கிணற்றோடு இணைக்கும் ரைசர் குழாயில் உள்ளே வெளியே நகரும் ஸ்லிப் ஜாயிண்ட்டும், துளைக்குழாயை ஆடாமல் பிடிக்கும் ஹீவ் காம்பென்சேட்டரும் வாங்கிக்கொள்ளும்.

ஷெல் 1963-ல் போட்டிக் கம்பெனிகளையே கூப்பிட்டு மூன்று வாரம் வகுப்பு நடத்தி இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது. கட்டணம் 1,00,000 டாலர். கருவி செய்பவர்களும் ரிக் கட்டுபவர்களும் கூடவே வளர்ந்தால்தான் ஆழ்கடல் சாத்தியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ரகசியமாக வைத்திருந்தால் இந்தத் தொழில் இவ்வளவு வேகமாக ஆழத்துக்குப் போயிருக்காது என்பது என் கருத்து.

அனுப்பானடியிலிருந்து: நங்கூரமே இல்லாமல் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்துவது எப்படி?

1961-ல் கஸ் 1 என்ற கப்பல், மெக்சிகோவின் குவாடலூப் தீவுப் பக்கம் சுமார் 3,500 மீட்டர் ஆழத்தில் நான்கு திருப்பக்கூடிய புரொப்பெல்லர்களால் நின்றது. ஆள்தான் கைப்பிடியை நகர்த்திக்கொண்டிருந்தார். அதே வருடம் ஷெல்லின் யுரேகா கப்பலில் ஹோவர்ட் ஷாட்டோ இதைத் தானியங்கியாக்கினார். முன்பின், பக்கவாட்டு, திரும்பல் என்று மூன்று அசைவுகளையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாடு வைத்தார். டைனமிக் பொசிஷனிங், சுருக்கமாக டிபி, இங்கிருந்துதான் வளர்ந்தது.

இடம் சொல்லும் கருவி ஒன்று மட்டும் இருந்தால் ஆபத்து. அது பொய் சொன்னால் கப்பல் நம்பிப் போய்விடும். மூன்று இருந்தால் இரண்டு சேர்ந்து மூன்றாவதை ஒதுக்கும். அந்த மூன்றும் ஜிபிஎஸ்ஸாகவே இருந்தாலும் பயனில்லை. ஒன்று செயற்கைக்கோள், ஒன்று நீரடி ஒலி, ஒன்று இழுத்துக் கட்டிய கம்பி என்று வகை மாற வேண்டும்.

கப்பல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2005 ஜூலை 27 அன்று பாம்பே ஹை வடக்கு மேடையில் சமுத்ரா சுரக்ஷா கப்பல், காயம்பட்ட ஒருவரை இறக்க நெருங்கியபோது, எரிவாயு ஓடும் ரைசர் குழாயில் மோதியது. எரிவாயு பற்றிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் மேடையே போனது. 22 பேர் இறந்தார்கள். கப்பல் அண்டும் பக்கத்தில் ரைசரை வைக்காதே, வைத்தால் அதைச் சுற்றிக் காப்புக் கூண்டு போடு என்பது அங்கே உயிர் கொடுத்துக் கற்ற பாடம்.

கப்பலூர் சிட்கோ, லேத் பட்டறை உரிமையாளர்: பிஓபி என்கிறார்களே, அது என்ன வால்வு? அந்த மாதிரி பாகங்களை நம்ம ஊரில் கடைய முடியுமா?

கிணற்றிலிருந்து வாயு திமிறி வரும்போது கிணற்றின் வாயை அடைக்கும் கருவி அது, முழுப் பெயர் புளோஅவுட் பிரிவென்டர். அதற்கு முன்பெல்லாம் கிணறு பீறிட்டால் பெரும்பாலும் விலகி ஓடுவதைத் தவிர வழியில்லை. 1922-ல் டெக்சாஸில் எண்ணெய்த் துளையாளர் ஜேம்ஸ் அபர்குரோம்பியும் பட்டறைக்காரர் ஹாரி கேமரனும் சேர்ந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் ராம் கட்டைகள் வந்து குழாயைக் கவ்வி அடைக்கும் வடிவத்தைச் செய்தார்கள். பட்டறைத் தரையில் கிடந்த மரத்தூளில்தான் முதல் படத்தை வரைந்தார் அபர்குரோம்பி என்று சொல்வார்கள். 3,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்தம் வரை அது தாங்கியது. இன்று ஆழ்கடல் பிஓபி பெரும்பாலும் 18¾ அங்குலத் துளை, 15,000 பிஎஸ்ஐ. இந்தத் துறையில் எனக்கு மிகப் பெரிய கண்டுபிடிப்பு எது என்றால், எந்த ரிக்கையும்விட இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. 2010 ஏப்ரல் 20-ல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கின் கிணறு பீறிட்டபோது, பிஓபிக்குள் துளைக்குழாய் வளைந்து ஓரமாக ஒதுங்கியிருந்தது. வெட்டும் ராமின் பிளேடு முழுக் குழாயையும் பிடிக்கவில்லை. 11 பேர் இறந்தார்கள். இன்னொரு நுணுக்கம் அக்குமுலேட்டர், அதாவது ராமைத் தள்ளும் எண்ணெயை நைட்ரஜன் அழுத்தத்தில் சேமித்து வைக்கும் கலன். தரையில் 3,000 பிஎஸ்ஐ அமைப்புக்கு நைட்ரஜன் 1,000 பிஎஸ்ஐ அடைப்பார்கள். 1,500 மீட்டர் ஆழத்தில் கடல் நீரே 2,200 பிஎஸ்ஐ அழுத்துகிறது. அதையும் சேர்த்து அடைக்காவிட்டால் ராமை மூடத் தேவையான எண்ணெய் வெளியே வராது.

கடைவதைப் பற்றி: பிளாஞ்ச் பாகங்களை நம்ம சிஎன்சி இயந்திரங்கள் தாராளமாகச் செய்யும். கேள்வி இயந்திரத்தைப் பற்றியதல்ல, சான்றைப் பற்றியது. ஏபிஐ 6ஏ என்ற அமெரிக்க எண்ணெய்த் துறைத் தரத்துக்கான உரிமம், ஒவ்வொரு எஃகுக் கட்டிக்கும் ஹீட் நம்பரோடு (எந்த உருக்கலில் வந்தது என்ற எண்) பொருள் சான்றிதழ், கடினத்தன்மைப் பதிவு எல்லாம் வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு வரும் கிணறு என்றால் கார்பன், லோ-அலாய் எஃகின் கடினம் ராக்வெல் சி அளவில் 22-ஐ (22 எச்ஆர்சி) தாண்டக் கூடாது. தாண்டினால் பார்வைக்கு நன்றாக இருந்தே ஒருநாள் பளாரென்று வெடிக்கும். கேஸ்கட் உட்காரும் ரிங் குரூவில் கருவி ஓடிய கோடு குறுக்காக ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆர் வகை குரூவுக்கு 1.6 மைக்ரான், பிஎக்ஸ் வகைக்கு 0.8 மைக்ரான் மேற்பரப்பு. அந்த இடத்தில் எமரி பேப்பரைக் குறுக்கே தேய்த்து முடிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரே ஒரு குறுக்குக் கீறல் போதும், வாயு அதன் வழியே போய்விடும். பிஎக்ஸ் கேஸ்கட் ஒருமுறை இறுக்கினால் நசுங்கிவிடும், கழற்றியதும் புதுசு.

திருப்பரங்குன்றம், சிவில் இன்ஜினியரிங் இறுதியாண்டு மாணவி: கான்கிரீட் மேடைகள் ஏதாவது தோல்வி அடைந்திருக்கிறதா?

அடைந்திருக்கிறது மா, நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டிய ஒன்று. நார்வேயில் கான்டீப் வகைக் கான்கிரீட் மேடைகள் பேர்போனவை. 1995-ல் வந்த டிரோல் ஏ 472 மீட்டர் உயரம், 303 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. ஆனால் 1991 ஆகஸ்ட் 23-ல், ஸ்டாவாங்கர் பக்கம் ஃபியோர்டில் (மலைகளுக்கு நடுவே உள்ள ஆழமான கடல் நுழைவு) சோதனைக்காக மூழ்கடித்தபோது ஸ்லெய்ப்னர் ஏ என்ற மேடையின் அடித்தளம் உடைந்து அடியில் போய் நொறுங்கியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

மூன்று வட்ட அறைகள் சந்திக்கும் இடத்தில் முக்கோண இடுக்கு வரும், டிரைசெல் என்பார்கள். கட்டமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மாதிரியில் அந்த இடத்தில் மெஷ், அதாவது துண்டுகளின் வலை, மிகக் கரடாக, கோணலாக இருந்ததால் வெட்டு விசை 47 சதவீதம் குறைத்துக் காட்டப்பட்டது. போதாக்குறைக்கு, முனையில் டி வடிவத் தலை கொண்ட வலுவூட்டுக் கம்பிகளையும் எட்டாத நீளத்தில் முடித்துவிட்டார்கள். பிறகு சரியாகக் கணக்கிட்டபோது 62 மீட்டர் நீரழுத்தத்தில் உடையும் என்று வந்தது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில். உங்கள் புராஜெக்டில் மென்பொருள் வண்ணப்படம் கொடுத்ததும் நிறுத்தாதீர்கள். சந்திப்புகளில் மெஷ்ஷைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து, கையால் வெட்டு விசையைப் போட்டுப் பாருங்கள். அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

ராமநாதபுரம் ரோட்டில் வழுதூர் பக்கமிருந்து: எரிவாயுக் குழாயில் மெத்தனால் விடுகிறார்களே, எதற்கு?

பனி மாதிரி ஒன்று உள்ளே உறைவதைத் தடுக்க. பெயர் ஹைட்ரேட். தண்ணீரும் மீத்தேனும் சேர்ந்தால், 4 டிகிரியில் சுமார் 40 பார் அழுத்தத்திலேயே கட்டியாகும். ஆழ்கடல் அடித்தரையின் குளிர் ஏறக்குறைய அதுதான். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் அதே டீப்வாட்டர் ஹொரைசன் கிணற்றின் கசிவின் மேல் கவிழ்த்த பெரிய இரும்புப் பெட்டியை அடைத்ததும் இதே ஹைட்ரேட்.

உறையும் புள்ளியை 10 டிகிரி கீழே தள்ள, குழாயிலுள்ள தண்ணீரில் எடைக்கு 20 சதவீதம் மெத்தனால் இருக்க வேண்டும். கொஞ்சம் வாயுவோடு ஆவியாகிப் போய்விடும், அதனால் கூடுதலாக விட வேண்டும். மெத்தனாலுக்குப் பதிலாக கிளைகால் (glycol) என்ற திரவம் என்றால் 30 சதவீதத்துக்கு மேலே தேவை. ஆனால் திரும்ப எடுத்துக் காய்ச்சிப் பயன்படுத்தலாம்.

அடைத்துக்கொண்டால் செய்யக் கூடாத ஒன்று: ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தைத் திறந்து விடுவது. மறுபக்கத்து அழுத்தம் அந்தக் கட்டியைக் குண்டு போலத் தள்ளி, வளைவில் குழாயையே பிளக்கும். இரண்டு பக்கமும் சமமாக, மெதுவாகக் குறைக்க வேண்டும். நாள் கணக்கில் ஆகும். பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

திருமங்கலம், மில் எலெக்ட்ரீஷியன்: எங்கள் மில்லில் பெர்மிட் (பழுது வேலை அனுமதிச் சீட்டு) புத்தகத்தை வெறும் கையெழுத்து வேலையாகப் பார்க்கிறார்கள். கடலிலும் அப்படித்தானா?

அப்படி இருந்த மேடை ஒன்று எரிந்துபோனது அண்ணாச்சி. 1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா, 167 பேர். எரிவாயுவிலிருந்து பிரியும் கண்டன்சேட் என்ற திரவத்தைத் தள்ளும் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றி, அந்த இடத்தில் மூடித் தகடு வைத்திருந்தார்கள். அந்தச் செய்தி ராத்திரி ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள். தகட்டின் வழியே வாயு கசிந்து பற்றியது. கடலில் டைவர்கள் இறங்கும் நேரம் என்று தீயணைப்பு பம்ப்களைக் கையியக்கத்தில் வைத்திருந்ததால் அவையும் தானாக ஓடவில்லை. லார்டு கல்லன் விசாரணை 106 பரிந்துரைகள் கொடுத்தது.

உங்கள் மில்லில் செய்யக்கூடியது: ஒரே இயந்திரத்தின் எல்லா பெர்மிட்டுக்கும் ஒரே இடத்தில் ஒரு பலகை. ஒரு பெர்மிட்டில் இன்னொன்றின் எண்ணை எழுத வேண்டும். இயந்திரத்தின் சுவிட்சில் போட்ட பூட்டின் சாவி வேலை செய்பவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும், ஆபீஸ் மேசையில் அல்ல. ஷிப்ட் மாறும்போது இரண்டு பேரும் பலகை முன்னால் நின்று, திறந்திருக்கும் ஒவ்வொரு பெர்மிட்டையும் வாய்விட்டு வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பாதியில் நிற்கும் வேலைக்கு, சுவிட்ச் மேலேயே பெயரும் நேரமும் எழுதிய சிவப்பு அட்டை தொங்க வேண்டும்.