எண்ணெய் தீரவில்லை, பலெம்பாங்கில் கிடக்கிறது

மேலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வார் இன் த பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன் என்ற இரண்டாம் உலகப் போர் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஜப்பான் பக்கம் எடுத்து, கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடுகிறேன். 1942 ஜூன் வரை வந்துவிட்டேன். பேர்ல் ஹார்பரை அடித்தேன், கொழும்பை அடித்தேன், ஆசைக்கு நம் சென்னையையும் அடித்தேன். இப்போது விமானந்தாங்கிகள் எல்லாம் பசிபிக் நடுவே ட்ரக் தீவில் எண்ணெய் இல்லாமல் நிற்கின்றன. சாலமன் தீவுகளில், குவாடல்கனாலில் இறக்கிய படைக்குச் சப்ளை பூஜ்யம். மதுரையில் ஒருவர் 1,500 ரூபாய்க்கு எல்லாத் தளத்திலும் எண்ணெய் நிரம்பிய சேவ் ஃபைல் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா, இல்லை முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?"

இரண்டும் வேண்டாம். உங்கள் ஆட்டம் கெட்டுப்போகவில்லை. 1942 ஜூனில் ஜப்பானிடம் எண்ணெயே இல்லை என்று புலம்பி வருகிறவர்களின் ஆட்டத்தைத் திறந்து பார்த்தால், எண்ணெய் எங்கோ ஓர் இடத்தில் மலையாகக் கிடக்கும். சுமத்ராவின் பலெம்பாங், போர்னியோவின் பாலிக்பாப்பான், தாரகான், மிரி ஆகிய எண்ணெய்த் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஃபியூயல் என்ற எண்ணைப் பாருங்கள். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் தக்காளி குவிந்து கிடப்பதால் உசிலம்பட்டியில் ஒரு வீட்டில் ரசம் கொதித்துவிடாது. நடுவே லாரி வேண்டும். உங்கள் லாரி டேங்கர் கப்பல். அது எங்கே நிற்கிறது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதிலிருந்தே நோய் என்னவென்று தெரிகிறது.

பக்கத்திலேயே ஆயில் என்று இன்னோர் எண் இருக்கும். அது கச்சா எண்ணெய். அதைக் கப்பலில் ஊற்ற முடியாது. சுத்திகரிப்பு ஆலை இருக்கும் தளத்தில் ஃபியூயலாக மாறிய பிறகுதான் கப்பலுக்கு உதவும். ஆயிலை ஏற்றி ட்ரக் தீவில் இறக்கிவிட்டு "கப்பல் குடிக்க மாட்டேன் என்கிறது" என்று எழுதியவர்களும் உண்டு. ட்ரக்குக்கு ஃபியூயல், ஜப்பானின் ஆலைகளுக்கு ஆயில். இப்போதைக்கு இதற்கு மேல் ஆழமாகப் போக வேண்டாம்.

சரி, இருந்த ஃபியூயல் எங்கே போனது? கொழும்புக்கும் சென்னைக்கும் போனது. தமிழ்நாட்டில் இந்த விளையாட்டை ஆடுகிற பையன்களுக்கெல்லாம் இருக்கும் வியாதி இது. வரைபடத்தில் சென்னை தெரிந்ததும் கை நமநமக்கும். நிஜப் போரிலும் ஜப்பானிய அட்மிரல் நாகுமோ ஐந்து விமானந்தாங்கிகளோடு வந்து 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பையும், 9-ல் திருகோணமலையையும் தாக்கினார். மட்டக்களப்புக்கு அருகே பிரிட்டனின் விமானந்தாங்கி ஹெர்மிஸ் மூழ்கியது. இடையில் 6-ம் தேதி, வங்காள விரிகுடாவில் சுற்றிய வேறொரு ஜப்பானியப் படையின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னைப் பக்கம் நாகுமோ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் பயத்தில் சனங்கள் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். அந்தத் தாக்குதல் முடிந்ததும் நாகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று ஜப்பானுக்குத் திரும்பின, இரண்டுதான் ட்ரக்குக்குப் போயின. நீங்கள் எல்லாவற்றையும் நேராக ட்ரக்குக்கு ஓட்டிவந்தீர்கள். அதுவும் ஃபுல் ஸ்பீடில் என்று ஊகிக்கிறேன்.

வேகத்துக்கு அங்கே பட்டன் இருக்கிறது. க்ரூஸ் என்றால் நிதானம், மிஷன் என்றால் தேவைப்படும்போது மட்டும் ஓட்டம், ஃபுல் என்றால் எப்போதும் ஓட்டம். ஃபுல் ஸ்பீடில் எண்ணெய் பல மடங்கு கரையும், கூடவே எந்திரமும் தேயும். நிஜத்தில் அகாகி என்ற ஒரு விமானந்தாங்கியே 5,000 டன்னுக்கு மேல் எண்ணெய் கொள்ளும். அதுபோல நாலைந்து, அவற்றுக்குத் துணையாகக் குரூசர்கள், டெஸ்ட்ராயர்கள் என்ற சிறிய போர்க்கப்பல்கள். இந்தக் கூட்டம் ஒரு தீவில் வந்து "நிரப்பு" என்று நின்றால் எந்தத் தீவு தாங்கும்?

ஆகவே முதல் வேலை, ட்ரக்கில் நிற்கும் பெரிய கப்பல்கள் எதையும் நகர்த்தாதீர்கள். அமெரிக்க விமானந்தாங்கி கண்ணில் பட்டாலும் நகர்த்தாதீர்கள்.

இரண்டாவது, டேங்கர்களைத் தேடிப் பிடியுங்கள். கப்பல் பட்டியலில் டேங்கர் வகையை மட்டும் வடிகட்டினால் பாதிக்குப் பாதி ஜப்பான் துறைமுகங்களில் சும்மா நிற்பது தெரியும். அவற்றைப் பலெம்பாங்குக்கு அனுப்புங்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். பலெம்பாங்கிலிருந்து ட்ரக் 3,000 கடல் மைலுக்குக் குறையாது. 12 நாட் வேகத்தில் ஒரு நாளைக்கு 288 கடல் மைல். வரைபடத்தில் ஒரு கட்டம் 40 கடல் மைல் என்பதால் நாளுக்கு ஏழு கட்டம். போக 11 நாள், வர 11 நாள், ஏற்ற இறக்கச் சில நாள். ஒரு டர்ன் என்பது ஒரு நாள். இன்று கிளம்பிய டேங்கர் அடுத்த நடைக்கு ட்ரக்கில் வந்து நிற்க நான்கு வாரம் ஆகும். நீங்கள் திட்டம் போடவேண்டியது அடுத்த மாதத்துக்கு. கப்பலில் எண்ணெய் காலியான அன்று டேங்கரைத் தேடுவது, பந்தியில் இலை போட்ட பிறகு அரிசி வாங்கக் கிளம்புகிற வேலை.

மூன்றாவது, இதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். டேங்கர்களோடு துணைக்குப் போகும் டெஸ்ட்ராயர்கள் ட்ரக்கில் சேர்ந்ததும் தாமாகவே எண்ணெய் நிரப்பிக்கொள்ளும். சரக்குக் கப்பல்களும் அப்படியே. நீங்கள் கொண்டுவந்து கொட்டியதில் ஒரு பங்கை வந்தவர்களே குடித்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு டாஸ்க் ஃபோர்ஸுக்கும், அதாவது ஒன்றாக ஓடும் கப்பல் கூட்டத்துக்கும், எண்ணெய் நிரப்பும் விதத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு திரையில் இருக்கிறது. வளம் உள்ள துறைமுகத்தில் முழுதாக நிரப்பு, வறண்ட துறைமுகத்தில் நிரப்பாதே என்று வையுங்கள். இதை இவ்வளவு சின்ன எழுத்தில் ஒளித்துவைத்த புண்ணியவான்களை என்ன சொல்வது? விளையாட்டு 2009-ல் வந்தது. கையேடு தலையணை கனத்துக்கு இருக்கிறது. அதில் எண்ணெய் பற்றிய விவரம் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. புதிதாக வருபவன் எதை முதலில் படிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதக் கை வரவில்லை.

டேங்கர் கூட்டத்தை நீர்மூழ்கி அடிக்காதா என்று கேட்பீர்கள். இப்போது அவ்வளவாக அடிக்காது. அமெரிக்காவின் மார்க் 14 டார்பிடோ 1943 பிற்பகுதி வரை உருப்படியாக வெடிக்கவில்லை. தொடக்கத்தில் அமெரிக்க டார்பிடோவை நம்பகமானதாக்கும் விருப்பத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தால், விளையாட்டும் அதே கதையைத்தான் நடத்தும். எனவே இந்த ஒன்றரை வருடம் உங்களுக்குக் கிடைத்த தவணை. நிஜ ஜப்பான் அதை வீணடித்தது. கான்வாய், அதாவது கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களின் காவலுக்கென்று தனித் தலைமையகம் அமைத்ததே 1943 நவம்பரில்தான். நீங்கள் இப்போதே கூட்டத்துக்கு இரண்டு காவல் கப்பலாவது சேர்த்து அனுப்பிப் பழகுங்கள். கான்வாயைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கும் பட்டனும் உண்டு. தொடாதீர்கள்.

இனி குவாடல்கனால். அங்கே குறை ஃபியூயல் இல்லை, சப்ளை. அரிசி, தோட்டா, மருந்து எல்லாம் சப்ளைக்குள் அடக்கம். பலருக்குத் தெரியாத இன்னொன்று: விமானங்கள் பறப்பதும் சப்ளையில்தான், ஃபியூயலில் இல்லை. நியூ பிரிட்டன் தீவின் ரபாவுல் தளத்திலிருந்து தினமும் குண்டு போட அனுப்பிக்கொண்டிருந்தால், குவாடல்கனாலுக்குப் போகவேண்டிய சப்ளையை ரபாவுலே தின்கிறது என்று பொருள். குண்டுவீச்சை ஒரு வாரம் நிறுத்துங்கள்.

எதிரி விமானம் எட்டும் கடலில் சரக்குக் கப்பல் அனுப்பக் கூடாது என்பது பொதுவிதி. போர்க்கப்பலில் மூட்டை ஏற்றக் கூடாது என்பதும் பொதுவிதி. இரண்டாவது விதிக்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் படை பிழைப்பது அதை நம்பித்தான் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். டாஸ்க் ஃபோர்ஸ் வகைகளில் ஃபாஸ்ட் டிரான்ஸ்போர்ட் என்று ஒன்று இருக்கிறது. அதில் டெஸ்ட்ராயர்களைச் சேர்த்து, குவாடல்கனாலுக்கு வடமேற்கே உள்ள ஷார்ட்லாண்ட் தீவில் சப்ளை ஏற்றினால், பகலில் தூரத்தில் பதுங்கி, இருட்டியதும் பாய்ந்துபோய், இறக்கிவிட்டு, விடியுமுன் விமானம் எட்டாத தூரத்துக்கு வந்துவிடும். நிஜத்தில் ஜப்பானியர் 1942 ஆகஸ்டிலிருந்து செய்தது இதைத்தான். அமெரிக்கர்கள் அதற்கு டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் இந்த வண்டியில் ஏறுவது கொஞ்சம். ஆள் ஏறலாம், அரிசி ஏறலாம். பீரங்கியும் டாங்கியும் ஏறாது. கடைசியில் நின்று இறக்கவும் நேரமில்லாமல், இரும்பு டிரம்களில் அரிசியை அடைத்துக் கயிற்றில் கோர்த்துக் கடலில் தள்ளினார்கள். 1942 நவம்பர் 30 இரவு ஜப்பானிய அட்மிரல் தனாகா அப்படி வந்தபோது அமெரிக்கக் குரூசர் ஒன்றை மூழ்கடித்து மூன்றைச் சிதைத்தார். சண்டையில் பெரிய வெற்றி. ஆனால் அன்று கரையிலிருந்த சிப்பாய்க்கு ஒரு டிரம்கூடப் போய்ச் சேரவில்லை. டிசம்பர் 3-ல் 1,500 டிரம் தள்ளினார்கள், கரைக்கு வந்தது 310. கடைசியில் 1943 பிப்ரவரியில் அதே டெஸ்ட்ராயர்கள்தான் எஞ்சிய 10,000-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றி வெளியே கொண்டுவந்தன.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். ஃபாஸ்ட் டிரான்ஸ்போர்ட் உயிரைப் பிடித்துவைக்கும், படையைத் தாக்கும் நிலைக்குக் கொண்டுவராது. நான்கு டெஸ்ட்ராயர் வைத்து இரண்டு மூன்று நடை விட்டுப் பாருங்கள். குவாடல்கனாலின் லுங்கா தளத்தில் சப்ளை எண் ஏறவில்லை என்றால், அதே கப்பல்களில் ஆட்களை ஏற்றி வெளியேற்றுங்கள். நிலா வெளிச்சம் உள்ள இரவில் அனுப்பாதீர்கள். டெஸ்ட்ராயரும் எண்ணெய்தான் குடிக்கிறது என்பதையும், அந்த எண்ணெய் ரபாவுலுக்கும் டேங்கரில்தான் வரவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இப்போது அந்த 1,500 ரூபாய்க்காரர்.

இந்த விளையாட்டோடு எடிட்டர் இலவசமாகவே வருகிறது. அதைத் திறந்தால் எந்தத் தளத்திலும் எவ்வளவு எண்ணெய் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கால் மணி நேர வேலை. ஆனால் எடிட்டர் மாற்றுவது ஆட்டம் தொடங்கும் காட்சியை (சினாரியோ). நடுவில் நிற்கும் உங்கள் ஜூன் மாத ஆட்டத்தை அது தொடாது. ஆக, அவர் தருவது 1941 டிசம்பரிலிருந்து தொடங்கும் ஒரு மாற்றிய காட்சியாகத்தான் இருக்கும். முதலிலிருந்து தொடங்குவதற்கு அவருக்கு எதற்குப் பணம்? இன்னும் மோசம், அந்த ஃபைலை ஜிப்பில் அனுப்பி, உள்ளே ஓர் இஎக்ஸ்இ புரோகிராம் வைத்து, "ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டுங்க தம்பி" என்பார்கள். அப்படி ஒரு வரி வந்தாலே தொடர்பைத் துண்டியுங்கள். அதே கம்ப்யூட்டரில்தான் உங்கள் அப்பாவின் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகிறது.

இவர்களின் தம்பிமார்கள் இன்னும் மூன்று வகை. பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பென்டிரைவில் "ஃபுல் வெர்ஷன்" ஏற்றித் தருபவர்கள். அதில் கடைசி அப்டேட்டும் இருக்காது, கையேடும் இருக்காது. இந்த விளையாட்டுக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று தலையில் கட்டுபவர்கள். தட்டையான வரைபடமும் எண்களும்தான் திரையில் வரப்போகின்றன, பழைய லேப்டாப் போதும். மூன்றாவது ஆள் கொஞ்சம் சாமர்த்தியசாலி. "உங்க கார்டு வெளிநாட்டுக் கடையில் எடுக்காது, நான் வாங்கித் தருகிறேன்" என்று மேலே கமிஷன் போட்டு, விளையாட்டைத் திறக்கும் சாவி எண்ணைத் தன் பெயரில் பதிந்துகொண்டு, ஒரு மாதம் கழித்து அதையே இன்னொருவருக்கும் விற்பார்.

கார்டு எடுக்காததில் மட்டும் அவர் சொல்வது பாதி உண்மை. 2020 மார்ச்சிலிருந்து புதிதாகத் தரும் கார்டுகளில் இணையப் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் மூடியே வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நல்ல விதிதான். அதைத் திறப்பது எப்படி என்று வங்கிக் கவுன்ட்டரில் கேட்டுப் பாருங்கள், மூன்று ஜன்னலுக்கு அலையவிட்டு, கடைசியில் "மேனேஜர் லஞ்சுக்குப் போயிருக்கார்" என்பார்கள். போகாதீர்கள். வங்கியின் செயலியில் கார்டு கட்டுப்பாடு என்ற பகுதிக்குள் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை நீங்களே திறந்து, வரம்பைச் சின்னதாக வைத்து, வெளியீட்டாளரிடம் நேராக வாங்கிவிட்டு, அன்றைக்கே மூடிவிடுங்கள். சாவி உங்கள் மின்னஞ்சலுக்கு, உங்கள் பெயரில் வரவேண்டும். நீங்கள் ஏற்கெனவே எங்கே வாங்கினீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த டர்னில் செய்ய வேண்டியது: ட்ரக்கில் நிற்கும் பெரிய கப்பல்களுக்கு ஓய்வு, ரபாவுலில் குண்டுவீச்சு நிறுத்தம், ஷார்ட்லாண்டில் நான்கு டெஸ்ட்ராயர், ஜப்பானில் தூங்கும் டேங்கர்கள் அத்தனையும் பலெம்பாங் நோக்கி, க்ரூஸ் வேகத்தில். ட்ரக்கில் இரண்டாவது நடை டேங்கர் இறக்கி முடித்த பிறகு தளத்தின் ஃபியூயல் எண்ணையும், லுங்காவின் சப்ளை எண்ணையும் குறித்து எனக்கு எழுதுங்கள். விமானந்தாங்கிகளை எந்தப் பக்கம் திருப்பலாம் என்று அப்போது பார்க்கலாம். சென்னைப் பக்கம் வேண்டாம்.